ஒற்றைக் காது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஓவியர் ஒருவர், படத்துக்காக உட்கார்ந்திருந்த ஒர்சோலா அம்மாள், அவளுடைய வலது காதில் ஒரு முத்துத் தோடு, இடது காதில் ஒரு முத்துத் தோடு. ஆக மொத்தம் நான்கு பேர்.

"முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கள் அம்மா," என்றார் ஓவியர். அந்தக் காலத்துப் படங்களில் முகம் முக்கால் பங்கு தெரிந்தால்தான் அழகு. காது ஒன்றுதான் தெரியும்.

வலது தோடு மினுக்கியது. "பார்த்தாயா தங்கச்சி, என்னைத்தான் வரைகிறார். பட்டுச் சட்டையின் சிவப்பு என்மேல் விழுகிறதாம். எனக்கென்று தனியாகச் சிவப்பு குழைக்கிறார்."

"நீ மட்டும் நூறு வருஷம் சுவரில் ஜொலிப்பாய், நான் பெட்டியில் கிடக்க வேண்டுமா அக்கா? நடக்காது!" என்று சொல்லி, இடது தோடு அம்மாளின் காதைக் கிள்ளியது.

அம்மாள் காதைத் தடவிக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். ஓவியர் வரைந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கினார்.

"அடிப்பாவி!" என்று வலது தோடு தன் பங்குக்குக் கிள்ளியது. அம்மாள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

இப்படியே ஏழு முறை திரும்பினாள். பிறகு இரண்டு தோடுகளையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அப்பாடா!" என்று அசையாமல் உட்கார்ந்தாள்.

ஓவியர் மளமளவென்று வரைந்தார். பின்னால் கரும்பச்சைத் திரை, தோளில் சிவப்புப் பட்டு, நடுவில் ரோஜா நிறத்தில் காது. காதின் கீழ்நுனியில் மெல்லிய தூரிகையால் பழுப்புப் புள்ளி ஒன்று வைத்து முடித்தார்.

படத்தில் தோடு பூஜ்யம். துளை ஒன்று.