மைக் செத்துப்போன மூன்று நிமிடம்

"ஒரு மைக்கை ஒழுங்கா வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மேடையில் நின்று நான் போட்ட சத்தம், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மைக் செட்காரருக்கு என் அப்பா வயது இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு வயரைத் திருகிக்கொண்டிருந்தார்.

எங்கள் மருத்துவமனையின் ஆண்டு விழா. நான் அங்கே ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட பாட்டைப் பாட வந்திருந்தேன். போன வருடமும் வந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் பின்பக்கமாக வீட்டுக்கே ஓடிவிட்டேன். அப்புறம் வருடம் முழுக்க, "என்ன, பாட்டு ஓடிப்போச்சா?" என்று ஒரே கிண்டல். இந்தத் தடவையும் சொதப்பினால் இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன்.

சொதப்பத்தான் செய்தேன். முதல் வரியிலேயே குரல் நடுங்கியது. அடுத்த வரி சுத்தமாக மறந்துபோனது. முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தபோதுதான் மைக் செத்தது. எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது, விடுவேனா?

"ஒரு நிமிஷம்மா. வயர்ல ஏதோ கோளாறு," என்றார் அவர். "முதல் வரியைப் பாடிட்டே இருங்க. சத்தம் வருதான்னு பார்க்கணும்."

"மைக்கே இல்லாம எப்படிப் பாடுறது?"

"எனக்குக் கேட்டாப் போதும்மா."

எரிச்சலோடு பாடினேன்.

"இன்னொரு தடவை."

பாடினேன்.

"அடுத்த வரியையும் சேர்த்துப் பாடுங்க."

மறந்துபோன வரி தானாக வந்தது. கூட்டம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அவரை முறைத்துக்கொண்டே ஐந்தாவது தடவை பாடும்போது, திடீரென்று அரங்கம் முழுக்க என் குரல் கணீரென்று கேட்டது. நிறுத்தத் தோன்றவில்லை. கடைசி வரை பாடிவிட்டேன்.

கைதட்டல் அடங்கவே நேரமானது. தலைமை நர்ஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "சொந்தப் பாட்டாடி? இத்தனை நாளா எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?"

மேனேஜர் கைகொடுத்தார். "அந்த மைக் மட்டும் சரியா இருந்திருந்தா ஆரம்பத்துலேயே அசத்தியிருப்பீங்க. மாசா மாசம் நடக்கிற கூட்டத்துக்கெல்லாம் இந்த ஆளைத்தான் கூப்பிடுறோம். இனிமே வேண்டாம். வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

"ஆமா சார். மானமே போயிருக்கும்," என்றேன்.

கூட்டம் கலைந்ததும், வயரைச் சுருட்டிக்கொண்டே மைக் செட்காரர் என் பக்கத்தில் வந்தார்.

"நல்லாப் பாடினீங்கம்மா. சொந்தப் பாட்டா?"

"ஆமா." முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அதான் அப்படி நடுங்குச்சு. அடுத்தவங்க பாட்டுன்னா இவ்வளவு பயம் வராது. நாலு தடவை யாருக்கும் கேட்காம பாடிட்டா சரியாயிடும். அதான் மைக்கை அணைச்சேன்."

"அப்போ வயர்ல கோளாறுன்னு சொன்னீங்களே?"

"வயருக்கு என்னம்மா, புதுசு." சிரித்தார். "இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க தொடர்ந்து பாடுங்க."

அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மேனேஜர் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். போய் உண்மையைச் சொன்னால் இந்த மனிதரின் பிழைப்பு தப்பும். ஆனால் சொதப்பியது மைக் இல்லை, நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். கால் நகரவில்லை.

மேனேஜரே வந்துவிட்டார்.

"என்னவாம் அவருக்கு? மன்னிப்புக் கேட்டாரா?"

மைக் செட்காரர் இரண்டடி தள்ளித்தான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"கேட்டார் சார்," என்றேன்.