எட்டாவது ஜோடி

மாட்டுங்கா ராமசேஷன் எதையும் மூன்று முறை அளந்து பார்க்காமல் வாங்காதவர். மகளின் மலைச் சைக்கிளுக்குச் சக்கரம் தேடி வந்தவர் எட்டாவது ஜோடியையும் ஒதுக்கியபோது, செம்பூர்க் கடைக்காரர் வெயிலுமுத்துவின் பொறுமை கரைந்தது.

“எல்லாம் நீங்க கேட்ட அளவுதாம்லா, சார். ஞாயித்துக்கிழமை ரேஸ்னு சொன்னீய. இன்னும் என்னதான் வேணும்?”

ராமசேஷன் அளவு நாடாவைச் சுருட்டினார். “அளவெல்லாம் சரிதான். போன ரேஸ்ல என் பொண்ணு விழுந்து தோள் எலும்பை உடைச்சுண்டா. சக்கரம் கிடைக்கலைன்னா மாளவிகா போகமாட்டா.”

“மாளவிகாவா? ‘எங்கப்பா வாங்கித் தரமாட்டார்’னு அந்தப் பிள்ள காலையிலயே வந்து ஒரு ஜோடி மாட்டிட்டுப் போயிட்டுதே, சார்.”

ராமசேஷன் முழங்கால் கவசங்களைக் கையில் எடுத்தார். அளக்கவில்லை.

“இதைக் கொடுங்கோ. ஞாயித்துக்கிழமை நானும் அவகூடப் போறேன்.”