மடித்த தார்ப்பாய்

மடித்த தார்ப்பாயின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார் சூளைக்காரர். மழை வரப்போகிறது என்று தெரிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

மடியிலிருந்த ரேடியோ அப்போதுதான் சொல்லி முடித்திருந்தது. "அடுத்த மூன்று நாட்களுக்கு வெப்பம் இயல்பைவிட அதிகமாக இருக்கும். காற்றில் ஈரப்பதம் கூடிப் புழுக்கம் நிலவும். இன்று பிற்பகல் பலத்த காற்று, இடி மின்னலுடன் மழை பெய்யும்."

ரேடியோக்காரன் சொன்னதை நம்புகிற ஆள் இல்லை அவர். ஆனால் முந்தாநாள் அறுத்துப் பரப்பிய செங்கல் காயாமல் இன்னும் கட்டைவிரல் பதிந்தது. அந்தப் புழுக்கத்தை அவர் நம்பினார்.

களத்தில் ஆறாயிரம் பச்சைக்கல் கிடந்தது. இன்னும் சூளை ஏறாத கல், நனைந்தால் பழையபடி சேறுதான். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு மாதக் கடைசிக்குள் சுட்டுக் கொடுத்தாக வேண்டும்.

"என்னங்க, மேற்கால கறுத்துக்கிட்டு வருது. எந்திரிங்க, தார்ப்பாயை விரிப்போம்" என்று பதறிக்கொண்டு வந்தாள் மனைவி.

"விரிச்சா அவன் பார்ப்பான்."

அவன் என்பது தங்கை புருஷன். பாதைக்கு அந்தப் பக்கம் அவனுக்கும் ஒரு சூளை. நடுவில் வேலிகூடக் கிடையாது. ஒருத்தர் தார்ப்பாயை எடுத்தால் அடுத்தவரும் எடுப்பதுதான் வழக்கம்.

போன கோடையில் அவன் மட்டும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டான். சாப்பிடப் போயிருந்த இவர் திரும்பி வந்தபோது களம் முழுக்கச் சேறு. "கத்திக் கூப்பிட்டேன் மச்சான், காத்துல கேக்கல போல" என்றான். இவர் நம்பவில்லை.

"மாப்பிள்ளை கல்லு அரைவேக்காடு" என்று பள்ளிக்கூடக் காண்ட்ராக்டரின் காதில் ஓதி, அவனுக்குப் போக வேண்டிய ஆர்டரையும் தன் பக்கம் திருப்பிவிட்டார். அப்படியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"நம்ம ஆறாயிரமும் போயிடுமேய்யா!"

"போகட்டும். அவனோடது பத்தாயிரம். அது கரைஞ்சு ஓடுறதை நான் கண்ணால பார்க்கணும்."

"உங்க வீம்புல இடி விழ!"

"விழட்டும். கொஞ்சம் அந்தப் பக்கமா விழட்டும்."

எதிர்க்களத்தில் வரிசை வரிசையாக மண் நிறத்தில் கல். போன வாரம்தான் அவன் சூளையைப் பிரித்துச் சுட்ட கல்லை இறக்கினான். அதற்குள் அடுத்த சுற்றை அறுத்துப் பரப்பிவிட்டான், பேராசை பிடித்தவன்.

அவனே பாதைவரை வந்து நின்றான். "என்ன மச்சான், மழைங்கிறாங்க. தார்ப்பாய் போடலையா?"

"எந்த மடையன் சொன்னான்? இப்பத்தான் ரேடியோ கேட்டேன். ஒரு வாரத்துக்கு வெறும் வெயில்தானாம். பொட்டுத் தண்ணி கிடையாது."

"நெசமாவா?"

"உங்கிட்ட நான் என்னிக்கு மாப்ளே பொய் சொல்லியிருக்கேன்?"

அவர் உட்கார்ந்திருந்த தார்ப்பாயை மாப்பிள்ளை ஒரு கணம் பார்த்தான். "அதுவும் சரிதான். நீங்க போடலைன்னா நானும் போடல" என்று சொல்லிவிட்டுப் போய்க் கொட்டகையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

யார் வீட்டு ஆடோ ஒன்று அவன் களத்தில் இறங்கி, கல் வரிசை மேலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். 'மிதி ராசா, நல்லா மிதி' என்று சூளைக்காரர் மனசுக்குள் கொஞ்சினார்.

அதே ஆடு பாதையைத் தாண்டி இவர் களத்துக்கு வந்ததும் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் நாலு கல்லில் குளம்பு ஆழமாகப் பதிந்துவிட்டது. மழையில் போகப்போகிற கல்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வானம் பிளந்தது. காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்க்கப் பார்த்தது. ஒவ்வொரு இடிக்கும் தரை அதிர்ந்தது.

மனைவி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. பச்சைக்கல்லின் மூலைகள் மழுங்கின, பிறகு இடுப்பு ஒடிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கால் மணி நேரத்தில் கல் எது, களம் எது என்று தெரியவில்லை.

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே வீட்டுக்குள் போனாள்.

சூளைக்காரர் தலைத்துண்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பாதையைத் தாண்டினார். எதிர்க்களத்திலிருந்து கலங்கலாக ஓடி வந்த சேறு அவர் கணுக்காலை மூடியது. நெஞ்சு குளிர்ந்தது.

மாப்பிள்ளை கொட்டகைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, பத்தாயிரமும் பாதையில ஓடுது! தார்ப்பாய்தான் இருந்துச்சே, எடுத்துப் போட்டிருக்கக் கூடாதா? நான் கத்திக் கூப்பிட்டேன், காத்துல கேக்கல போல!" ஒரு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தை. சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

மாப்பிள்ளை டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். மழையில் இறங்கிக் குனிந்து ஒரு கல்லை எடுத்து, உள்ளங்கையால் துடைத்து அவரிடம் நீட்டினான். "காண்ட்ராக்டருக்கு நாளைக்கு இதைத்தான் காட்டப் போறேன். புடிச்சுப் பாருங்க."

சூளைக்காரர் வாங்கினார். அதில் ஒரு மூலைகூட மழுங்கியிருக்கவில்லை.

"போன வாரம் சுட்ட கல்லு மச்சான், மேல பூசின களிமண்ணுதான் கரையுது."