வயதைக் கேட்கும் புரோகிராம்

என் மகள் எழுதிய முதல் புரோகிராம் பெயரையும் வயதையும் கேட்கும். எதைத் தட்டினாலும் அது நின்றுவிடக் கூடாது என்று, சோதித்துப் பார்க்க என்னைத்தான் உட்காரவைப்பாள். "உங்கள மாதிரி தப்புத் தப்பா அடிக்க யாராலயும் முடியாதுப்பா" என்பாள். எனக்கு அதுவே பெருமை. என் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பதில் எழுதிவைத்தாள்: "எழுத்து வேணாம்பா, நம்பர்." "காலியா விடாதீங்கப்பா."

அவள் இறந்த பிறகு, அந்தத் திட்டுக்காகவே தினமும் தப்பாக அடிக்கிறேன். இன்று அது வயதைக் கேட்டுக் காத்திருக்கையில் விசைப்பலகையைத் துணியால் துடைத்தேன். திரையில் புதிதாக ஒன்று வந்தது: "துணிய எடுங்கப்பா."

அவள் எழுதியதை முழுக்கப் படித்தேன். அப்படி ஒரு வரி இல்லை.

மனைவியிடம் காட்டினேன். "எம்பொண்ணு எதையாவது விட்டுவைப்பாளா?" என்று முகம் மலர்ந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தள்ளுங்க. நானும் ஒரு தப்பு பண்றேன்."