ஒரு நொடி பிந்திய கோல்

போனில் அப்பாவின் "கோல்!" ஒரு நொடி பிந்தி வந்தது.

வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் மகனுக்குக் குழப்பமாக இருந்தது. அது முந்தி அல்லவா வந்திருக்க வேண்டும்? அதுவும் நாற்பது நொடி முந்தி.

ஊரில் அப்பா பார்ப்பது மாடியில் டிஷ் வைத்த டிவி. கால்பந்து ஆட்டம் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கி வீடு வந்து சேர ஐந்தாறு நொடிதான். இவன் பார்ப்பது அறைத்தோழனின் பழைய டேப்லெட்டில், இந்த நாட்டு சேனல் ஒன்று இணையத்தில் இலவசமாக விடும் ஒளிபரப்பு. சந்தா கிடையாது. படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் டேட்டாவையும் அதிகம் தின்னாது.

ஆனால் இணையம் ஆட்டத்தை அப்படியே அனுப்பாது. துண்டு துண்டாக நறுக்கி, மூட்டை கட்டி அனுப்பும். நாலைந்து மூட்டை வந்து சேர்ந்த பிறகுதான் முதல் மூட்டையைப் பிரிக்கும். அந்தக் காத்திருப்பிலேயே நாற்பது நொடி போய்விடும்.

அதனால்தான் தொடரின் முதல் இரண்டு வாரமும் இவன் திரையில் பந்து நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே, காதில் மாட்டிய ஹெட்போனில் அப்பா கோல் போட்டு முடித்துவிடுவார்.

"அப்பா, கொஞ்ச நேரம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"நேத்து பேப்பரை இன்னைக்குப் படிக்கிறவன்டா நீ. அதுக்கு நான் என்ன பண்றது?"

போன செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் எல்லாம் தலைகீழ். மூன்று ஆட்டம், ஏழு கோல். ஏழுக்கும் இவன்தான் முதலில் கத்தினான். அப்பா ஒரு நொடி கழித்து.

டேப்லெட் திடீரென்று வேகம் பிடித்துவிட்டதோ என்று, இடைவேளையில் அதைத் தூக்கிக்கொண்டு கீழே உணவுக்கூடத்துக்கு ஓடினான். அங்கே கம்பி ஆன்டெனா வைத்த டிவியில் வந்த விளம்பரம், இவன் கையில் நாற்பது நொடி கழித்தே வந்தது. இம்மியும் மாறவில்லை.

போன் அழைப்பில் தாமதமோ? அரை நொடிக்கு மேல் போகாது.

வீட்டு டிவி கெட்டுப்போயிருக்குமோ? "கண்ணாடி மாதிரி தெரியுது" என்றார் அப்பா. பின்னணியில் டிவி சத்தமே கேட்கவில்லையே என்றதற்கு, அம்மாவுக்குத் தலைவலி, குறைத்து வைத்திருக்கிறேன் என்றார்.

அன்று விடுமுறை. அறையில் யாருமில்லை. அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் சாய்ந்து யோசித்தபோது சட்டென்று ஒன்று தோன்றியது. மகன் திட்டிவிட்டானே என்று, கோலைப் பார்த்த பிறகும் மனிதர் நாற்பது நொடி வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறார்!

ஆனால் மெக்கானிக் புத்தி சும்மா இருக்குமா? சோதித்துப் பார்க்காமல் எந்த லிஃப்டையும் அவன் ஓடவிட்டதில்லை.

இரண்டாம் பாதி. பந்து வெளியே போய், சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அதை எடுத்து வர ஓடிக்கொண்டிருந்தான். கோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"கோல்!" என்று கத்தினான்.

டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவராக இருந்தால் இந்நேரம், "எந்த ஆட்டத்தைடா பாக்குற?" என்று கிழித்திருப்பார்.

ஒரு நொடி.

"கோல்!" என்றார் அப்பா. "என்னா அடி! என்னா அடி!"

அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல். அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை.

"ஐயா, மெதுவா. பக்கத்து பெட்காரர் இப்பதான் கண்ணசந்தாரு. கையை ஆட்டாதீங்க, ஊசி விலகிடும்."

போனைக் கையால் பொத்தும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரி. ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம். பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில். விஷயம் தெரிந்தால் இவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவான் என்று அப்பாவுக்குத் தெரியும். இப்போது கேட்டால், நாளையிலிருந்து போனை எடுக்கவே மாட்டார் என்று இவனுக்கும் தெரியும்.

பொத்திய கை விலகியது.

"யாருப்பா அது?" சொன்னது சரியாகக் காதில் விழாதவன் போலக் கேட்டான்.

"பக்கத்து வீட்டம்மாடா. சும்மா வந்திருக்காங்க." மூச்சு வாங்கினார். "ஸ்கோர் இப்ப எத்தனை?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அது வந்து..." என்று இழுத்தார்.

"கோல் இல்லப்பா," என்றான் இவன் அவசரமாக. "ஆஃப்சைடு. கொடியைத் தூக்கிட்டான்."

"நானும் பார்த்தேன்டா. அரையடி முன்னால நின்னான், திருட்டுப் பய."

இவன் டேப்லெட்டை முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டான். ஒருமுறை செருமிக்கொண்டான்.

"சிவப்புக்காரன் பந்தை உள்ள எறியறான்ப்பா. எட்டாம் நம்பர் வாங்கிட்டான். இடது பக்கம் திருப்பறான். வெள்ளைச் சட்டை ரெண்டு பேரு மறிக்கிறாங்க, நடுவுல பூந்து போறான்..."

மறுமுனையில் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

டிவி இல்லாத இடத்தில் ஆட்டம் பார்க்கச் செலவில்லாத வழி இதுதான்: பார்க்கிறவன் ஒரு பாஸ் விடாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அப்படிச் சொன்னால், பந்து வலையைத் தொடும்போது இரண்டு பேரும் ஒரே நொடியில் கத்தலாம்.