அரைக் கம்பம்

இங்கிலாந்து ராணி பட்டத்துக்கு வந்த எழுபதாம் வருட ஜூபிலி விருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கிளெக் தெருவில் ஒன்பதாம் எண் வீட்டில் மட்டும் சன்னல் திரைகள் மூடிக் கிடந்தன.

“ஆரம்பிச்சுட்டாரு பெரியவரு,” என்றார் கறிக்கடை கெய்த், ஏணியில் நின்று தோரணம் கட்டியபடி. “போன ஜூபிலிக்கும் இதேதான். நாள் முழுக்கத் திரையை மூடிட்டு உள்ளயே கிடந்தாரு.”

“கிடக்கட்டும். அந்தாளு பங்கு கேக்கை நாய்க்குப் போடறேன்,” என்றாள் டோரீன்.

தெருவை மூட நகராட்சியில் அனுமதி வாங்கி, வீட்டுக்கு வீடு மேசை இரவல் கேட்டு, நான்கு மாதமாக இந்த விருந்துக்கு அலைந்தவள் அவள்தான். ஒத்துழைக்காதவர் ஒன்பதாம் எண் வில்ஃப் மட்டுமே. எண்பத்து மூன்று வயதில் ஒரு நாள்கூட அவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றதில்லை. தெருக்கோடியில் புல்தரையில் பந்து உருட்டும் கிளப்பில் ராணி படத்தை மாட்டவிடாமல் நாற்பது வருடமாக மல்லுக்கு நிற்பவரும் அவர்தான்.

போன வாரம் டோரீன் மேசை கேட்டுப் போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “அந்தம்மாவுக்கு என்னைவிடப் பதிமூணு வயசு கூட. இன்னும் பால்கனியில நிக்க வெச்சுக் கையாட்டச் சொல்றீங்க. மரியாதை இல்லாதவன் நானா, நீங்களா?”

வீடு திரும்பிய பிறகுதான் டோரீனுக்கு நான்கு பதில்கள் தோன்றின.

தெருக்கோடியிலிருந்து பாலின் ஓடிவந்தாள். கையில் முட்டை சாண்ட்விச் தட்டு. “டோரீன், கிளப்புக் கொடியைப் பாத்தியா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொடி கம்பத்தின் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நேத்து உச்சியில பறந்துச்சே,” என்றார் கெய்த், ஏணியிலிருந்து மெல்ல இறங்கி.

“டிவில பாக்கறப்பவே ராணி முகம் சரியில்ல. நான் சொன்னேன், யாரு கேட்டீங்க?” பாலின் அழ ஆரம்பித்தாள்.

பதினொன்றாம் எண் ஜேட் கைப்பேசியைத் தடவிப் பார்த்தாள். “இதுல ஒண்ணும் வரலியே.”

“உடனே சொல்ல மாட்டாங்கம்மா. முதல்ல பிரதமருக்கு. அப்புறம் மத்த நாடுகளுக்கு. கடைசியிலதான் நமக்கு,” என்றாள் பாலின்.

“நமக்கே கடைசியிலன்னா, பந்து உருட்டற கிளப்புக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டாங்களா?”

“கிளப் செயலாளர் பழைய ராணுவக்காரர்,” என்றார் கெய்த். அந்த விளக்கம் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

“அப்ப இன்னொரு லீவு உண்டா?” என்று ஜேட் கேட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. இரண்டு பேர் விரல்விட்டுக் கிழமையை எண்ணினார்கள்.

விருந்தை நடத்துவதா, நிறுத்துவதா? தெருவில் கூடியிருந்த நாற்பது பேரும் டோரீனைப் பார்த்தார்கள்.

“தொத்திறைச்சி நாளைக்குத் தாங்காது, சொல்லிட்டேன்,” என்றார் கெய்த்.

“அவங்க அங்க உயிரில்லாம கிடக்கறப்ப எனக்கு எப்படிய்யா தொண்டையில இறங்கும்?” என்றாள் பாலின், பாதி சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு.

டோரீன் மூன்றடுக்கு கேக்கைப் பார்த்தாள். அவளும் அவள் தங்கையும் இரண்டு நாள் உட்கார்ந்து கிரீடம் வரைந்த கேக். பிறகு ஒன்பதாம் எண் வீட்டைப் பார்த்தாள்.

“இன்னிக்கு இதை வெட்டினோம்னா அந்தாளு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. ராணி செத்த அன்னிக்கு உக்காந்து கேக் தின்னவங்கதானேன்னு கேப்பாரு,” என்றாள். “எல்லாத்தையும் அவிழ்த்துடுங்க.”

தோரணங்கள் இறங்கின. கேக்கின் மேல் சமையலறைத் துண்டு விழுந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கெய்த் வீட்டுக்குப் போய்க் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார். உடம்பில் இருந்தது கறிக்கடைச் சட்டைதான்.

கொடியைப் பார்த்து இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும் டோரீன் கையை உயர்த்தினாள். “இப்ப எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. ஒன்பதாம் நம்பரைப் பாத்துப் பாடுவோம். அந்தாளு காதுலயும் விழட்டும்.”

“பாட்டுல ‘கடவுளே ராணியைக் காப்பாத்து’ன்னு வர்றதை இனிமே ராஜான்னு மாத்திப் பாடணுமா?” என்று கேட்டாள் ஜேட்.

“இன்னிக்கு மட்டும் ராணி.”

நாற்பது பேரும் மூடிய திரைகளைப் பார்த்து தேசிய கீதத்தை முழுத் தொண்டையில் பாடினார்கள். அந்தத் தெருவில் அவ்வளவு ஒற்றுமையாக எதுவும் நடந்ததில்லை. டோரீனின் கண்கள் கலங்கின.

பாட்டு முடிந்தபோது கதவு திறந்தது. வில்ஃபின் மனைவி நோரா கறுப்புக் கோட்டில் வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வெறும் தலையோடு நின்ற ஆண்களையும் துண்டு மூடிய கேக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

புருஷனிடம் இல்லாத மரியாதை இவளிடமாவது இருக்கிறதே என்று நினைத்த டோரீன், போய் அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

“விருந்தையே நிறுத்திட்டீங்களா, டோரீன்?” நோராவின் குரல் உடைந்தது. “தெருவே வந்து நிக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.”

“பின்ன என்ன கண்ணு? ராணி போயிருக்காங்க, நாங்க கேக் வெட்டிக்கிட்டு இருப்போமா?”

நோரா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு தெருக்கோடிக் கொடியைப் பார்த்தாள்.

“ராணியா?” என்றாள். “நான் காலைல கிளப்புக்குப் போன் பண்ணிச் சொன்னது, வில்ஃப் போயிட்டாருன்னு.”