வசூல் குரல்

கார்டு கடனைச் சீக்கிரம் அடைக்க, வட்டி அதிகமுள்ளதை முதலில் கட்டு, சின்னதை முதலில் முடி என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மருதாசலமோ தன் குரலையே வங்கிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டான். பாதிக் கடன் அன்றைக்கே தள்ளுபடியானது. அதிலிருந்து பொள்ளாச்சி வட்டாரத்தில் தவணை தவறியவர்களையெல்லாம் அவன் குரலில்தான் இயந்திரம் மிரட்டியது. எந்த எண்ணிலிருந்தும் அது கூப்பிடும்.

ஒரு மத்தியானம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தோட்டத்து வீடு, அக்கம்பக்கம் யாருமில்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஆட்டோக்கார காதரைக் கூப்பிட்டான்.

“காதரண்ணே, மருதாசலம் பேசறேன். அப்பாவுக்கு முடியலண்ணே, வண்டிய எடுத்துட்டு வாங்க.”

“இப்ப இப்படியெல்லாம் கெளம்பிட்டீங்களா? வெள்ளிக்கெழம கட்டிடறேன், வைங்க சார்.”

மருந்துக்கடைக்காரரும் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை.

அப்பாவின் தலையை மடியில் ஏந்திக் காதோரம் குனிந்தான்.

“பயப்படாதீங்க, நான் இருக்கறேன்.”

கண் திறக்காமலே அப்பா கைகளைக் கூப்பினார்.

“பென்சன் வந்ததும் கட்டிடறேனுங்க சார். என்ற பையனுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”